செம்பும் சுண்ணாம்பும்: வேதியியலாளர் எஸ். பரமசிவன் விட்டுச்சென்ற பணி

(திருவாலங்காட்டில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிவியலைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் அது நம் ஊருக்குச் சம்பந்தம் உள்ளதாக இருக்கட்டும் என்று என்னை அழைத்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வேறு ஊராக இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். திருவாலங்காட்டில் அதற்குத் தேவையே இல்லை. கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளில் இரத்தின சபை இது. சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளிசபை, திருநெல்வேலி தாமிரசபை, குற்றாலம் சித்திரசபை. பொன், வெள்ளி, செம்பு, மணி, ஓவியம். ஒரு வேதியியல் ஆசிரியனுக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் கிடைக்காது.

இந்த ஊரின் பெயரை உலகம் அறியச் செய்தவை இரண்டு செப்புப் பொருள்கள். ஒன்று, 1905இல் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள். 31 ஏடுகள். முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாவது ஆட்சியாண்டில், நம் பக்கத்துப் பழையனூரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. சோழர் வம்சாவளியை எழுதும் எந்த வரலாற்றாசிரியரும் அந்த ஏடுகளைத் தொடாமல் போக முடியாது. இன்னொன்று, இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கும் திருவாலங்காட்டு நடராசர். பிரெஞ்சுச் சிற்பி ரோடன் சென்னை அருங்காட்சியகத்து நடராசர் படிமங்களின் புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு, 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். 1921இல் அது பாரிசில் அச்சானது. கலை வரலாற்றுப் புத்தகங்களில் நம் ஊர்ப் பெயர் இடம்பெறும் இடங்களில் பெரும்பாலும் ரோடனின் பெயரும் பக்கத்தில் இருக்கும்.

ஆயிரம் ஆண்டு பழைய செம்பு இன்றைக்கும் நம் கண்முன்னே நிற்கிறது என்றால், அதற்கு வார்த்த ஸ்தபதியை வணங்குகிறோம், கொடுத்த அரசனைப் போற்றுகிறோம். மண்ணிலிருந்து வெளிவந்த பிறகு அரித்துப் பொடியாகிவிடாமல் காத்தது யார்? அந்தக் கேள்விக்கு விடையாக வருகிற பெயர்களில் முதன்மையானது டாக்டர் எஸ். பரமசிவன். பொருள்களின் வேதியியலைத் தன் வாழ்நாள் வேலையாகக் கொண்ட தமிழர் அவர். கலை அன்பர்களுக்கு அவர் பெயர் தெரியாது. வேதியியல் மாணவர்களுக்கும் தெரியாது. இன்றைய பேச்சு அவரைப் பற்றியும், அவர் தொடங்கிவைத்த ஆய்வு இன்று எங்கே போய் நிற்கிறது என்பதைப் பற்றியும்.

1920 முதல் 1940 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எஃப். எச். கிரேவ்லி. விலங்கியல் படித்தவர். சிலந்திகளைப் பற்றி ஆராய்ச்சி செய்த மனிதர், நம்முடைய படிமங்களிடம் வந்து சேர்ந்தார். டி. என். இராமச்சந்திரனோடு சேர்ந்து அந்த அருங்காட்சியகத்தின் இந்து உலோகப் படிமங்களுக்கு அவர் தயாரித்த விவரப் பட்டியல் 1932இல் வெளிவந்தது. இன்றும் ஆய்வாளர்கள் கையில் எடுக்கும் நூல் அது. அந்தப் படிமங்கள் சிலவற்றின் மேல் வெளிர்பச்சைப் பொடி பூப்பதை அங்கிருந்தவர்கள் கவனித்தார்கள். துடைத்தால் போகும், கொஞ்ச நாளில் திரும்பவும் பூக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் குறையும்.

சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை உங்களுக்குத் தெரியும்: செம்பில் களிம்பு. செம்போடு கூடவே இருப்பது அது என்பார்கள். வேதியியலாளர் பார்க்கும் களிம்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சாதாரணப் பச்சை. காற்றில் உள்ள கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து செம்பின் மேல் போர்த்தும் கார்பனேட்டுப் படலம். அது கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். அழகும்கூட. இன்னொன்று, உயிரைக் குடிக்கும் பச்சை. அதற்குக் காரணம் உப்பு.

உப்பு எப்படி வந்தது? படையெடுப்புக் காலங்களில் படிமங்களைக் காப்பாற்ற மண்ணில் புதைத்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் மண்ணின் உப்பு உலோகத்துக்குள் இறங்கியது. குளோரைடு, செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடு என்ற மெழுகு போன்ற பொருளாக, பச்சைப் பூச்சுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. மண்ணுக்குள் இருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. வெளியே எடுத்து, கடற்கரையிலிருந்து சற்றுத் தூரத்தில் இருக்கும் எழும்பூரில், ஈரக்காற்றில் வைத்தால் அது விழித்துக்கொள்கிறது. ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் குப்ரஸ் குளோரைடு பச்சைப் பொடியாக மாறுகிறது. கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கிறது. அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மறுபடியும் குப்ரஸ் குளோரைடு ஆகிறது. வட்டம் திரும்பத் திரும்பச் சுற்றும். உள்ளே போன குளோரைடு செலவாவதே இல்லை. இதற்கு வெண்கல நோய் என்று பெயர். பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ 1890களில் இந்தச் சுழற்சியை விளக்கினார்.

நோய்க்குக் காரணம் உள்ளே இருப்பதால் மேலே தேய்த்துப் பயனில்லை. குளோரைடை வெளியே இழுக்க வேண்டும். அதற்காகத்தான் 1930இல் சென்னை அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் உருவானது. அதன் வேதியியலாளராகப் பரமசிவன் வந்தார்.

அந்த ஆண்டை உலகத்தின் பிற ஆண்டுகளோடு வைத்துப் பாருங்கள். அருங்காட்சியகத்துக்கென்று ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் முதன்முதலில் பெர்லினில் 1888இல் ராத்கனின் பொறுப்பில் அமைந்தது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், முதல் உலகப்போரின்போது பொருள்களைச் சுரங்க ரயில் பாதைக்குள் பதுக்கி வைத்து, போர் முடிந்து எடுத்துப் பார்த்தபோது பல கெட்டுப்போயிருந்ததைக் கண்ட பிறகுதான் 1920இல் விஞ்ஞானியை அழைத்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காக ஃபிங்க்கும் எல்ட்ரிட்ஜும் வெண்கலங்களை மின்சாரத்தால் சீர்படுத்தும் முறையை வெளியிட்டது 1925. இந்தியத் தொல்லியல் துறை 1917இலேயே முகமது சனா உல்லாவை வேதியியலாளராக நியமித்திருந்தது. இந்த வரிசையில் சென்னை 1930. உலகம் ஒரு புதிய துறையைத் தொடங்கிக்கொண்டிருந்தபோது நம்மவர் ஒருவர் அதன் முன்வரிசையில் இருந்தார். இதை நான் பெருமையோடு சொல்கிறேன். அந்தப் பெருமைக்கு ஆதாரம் இருக்கிறது.

முறை என்ன? இங்கே உள்ள பிளஸ் டூ மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். படிமத்தை எதிர்மின்வாயாக வைக்கிறோம். சுற்றிலும் இரும்புத் தகடுகள் நேர்மின்வாய். நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசல். குறைந்த அழுத்தத்தில் நேர்மின்சாரம். எதிர்மின்னூட்டம் உள்ள குளோரைடு அயனி படிமத்தை விட்டு நேர்மின்வாயை நோக்கி நகர்கிறது. படிமத்தின் மேல் கெட்டித்துப்போன செம்புச் சேர்மங்கள் ஒடுக்கமடைந்து தளர்கின்றன. அதன் பிறகு வாலை வடிநீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. கலங்காத நாள் வரும்வரை கழுவ வேண்டும். வாரக்கணக்கில் ஆகும் வேலை. பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் உப்புப் பகுப்பாய்வில் பத்து நிமிடத்தில் முடித்துவிடும் அதே சோதனைதான். ஆனால் இங்கே குழாயில் இருப்பது சோழர் காலம்.

படிமங்களோடு நின்றிருந்தால் பரமசிவனை ஒரு திறமையான சீரமைப்பாளர் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவரை ஆராய்ச்சியாளராக ஆக்கியவை சுவர்கள்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்நடையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். அறிஞர் உலகம் அதிசயித்தது. ஓவியத்தின் அழகைப் பற்றி எழுதப் பலர் இருந்தார்கள். இது எதனால் ஆனது, எப்படி வரைந்தார்கள், ஏன் இன்னும் சுவரில் நிற்கிறது என்று சுவரையே கேட்டவர் பரமசிவன். தானாக உதிர்ந்த சிறு துணுக்குகளே இந்த வேலைக்குப் போதும். அதைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் அடுக்குகள் தெரியும்: கல், அதன்மேல் கரடான சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் மெல்லிய பூச்சு, கடைசியில் வண்ணம். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு எவ்வளவு, மணல் எவ்வளவு, பசையோ கோந்தோ கலந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தார். வண்ணங்களையும் சோதித்தார். சுண்ணாம்பைத் தாங்கும் காவி மண், மஞ்சள் காவி, பச்சை மண், கரி போன்றவைதான் இப்படிப்பட்ட சுவரில் ஆயிரம் ஆண்டு நிற்க முடியும்.

அவர் முடிவு: தஞ்சையின் சோழர் ஓவியங்கள் ஈரச் சுண்ணத்தின் மேல் வரையப்பட்டவை. ஈரமான சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாக இறுகும்போது, வண்ணத் துகள்களைத் தனக்குள்ளேயே பூட்டிக்கொள்கிறது. ஒட்ட வைக்கப் பசை வேண்டாம். அஜந்தாவில் அப்படி இல்லை. அங்கே காய்ந்த பூச்சின் மேல் பசை கலந்த வண்ணம் என்று அவரே காட்டினார். 1937இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாக் அருங்காட்சியகம் வெளியிட்ட கலைத் தொழில்நுட்ப ஆய்விதழில் தஞ்சை ஓவியங்களைப் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. அந்த இதழ் உலக அளவில் இந்தத் துறையின் முதல் இதழ்களில் ஒன்று. அதற்குப் பின் ஆண்டுதோறும் ஒரு சுவர் என்று சொல்லலாம்: புதுக்கோட்டைச் சீமையின் விசயாலய சோழீச்சுரம், காஞ்சி கைலாசநாதர் கோயில், வாதாபிக் குடைவரைகள், மத்தியப் பிரதேசத்தின் பாக் குகைகள், திருவிதாங்கூர் கொச்சிச் சுவரோவியங்கள். இவற்றில் பல, சி. வி. இராமன் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில் அச்சேறின. இயற்பியலும் தூய வேதியியலும் நிறைந்த பக்கங்களுக்கு நடுவே கோயில் சுவரின் சுண்ணாம்பு இடம்பிடித்தது.

இது வெறும் அறிவுப் பசிக்கான கேள்வி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு சுவர் ஈரச் சுண்ண ஓவியமா, பசை ஓவியமா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதைச் சுத்தம் செய்யக் கை வைக்கக்கூடாது. முன்னது ஓரளவு தண்ணீரைத் தாங்கும். பின்னதில் ஈரத் துணி பட்டாலே வண்ணம் கையோடு வந்துவிடும். தஞ்சையில் பின்னாளில் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் நாயக்கர் ஓவியப் படலத்தை முழுசாக உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டி, அடியிலிருந்த சோழர் ஓவியத்தையும் காப்பாற்றினார்கள். இரண்டு காலத்து ஓவியமும் இன்று நம்மிடம் இருக்கின்றன. அடுக்கு எது, சாந்து எது என்ற அறிவு இல்லாமல் அப்படி உரிக்க முடியாது.

வரைந்தவர்களைப் பற்றியும் அந்தச் சுண்ணாம்பு சொல்கிறது. ஈரம் காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். திருத்த முடியாது. அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் பூச்சுப் பூச முடியும். இராசராசனின் ஓவியர்கள் அந்த இருட்டு நடையில், விளக்கு வெளிச்சத்தில், அத்தனை உறுதியோடு கோடு இழுத்திருக்கிறார்கள். அவர்களுடைய கைத்திறனுக்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்றிதழ் ஒரு வேதியியல் பகுப்பாய்வுதான்.

1941இல் பரமசிவன் பண்டைய இந்திய உலோகவியல் என்ற வரிசையைத் தொடங்கினார். முதல் கட்டுரை வரலாற்றுக்கு முந்திய காலத்து வெண்கலக் கிண்ணம் ஒன்றைப் பற்றியது. அந்தச் சிறிய கட்டுரையை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்று பல்கலைக்கழகங்களில் ஒருவருடைய ஆராய்ச்சியின் தாக்கத்தை எண்ணால் அளக்கிறோம். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன எச்-குறியீடு இன்று வேலை கொடுப்பதையும் பதவி உயர்வையும் தீர்மானிக்கிறது. நானும் அந்தக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். இளைஞர்களின் உழைப்பை ஓர் எண்ணாகச் சுருக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எண்ணே வேண்டாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். பரமசிவன் போன்றவர்களை அளக்க அந்தக் கோல் போதாது என்பதுதான் என் வாதம். ஒரு கோயில் சுவரைப் பற்றிய கட்டுரையை உலகில் எத்தனை பேர் மேற்கோள் காட்டுவார்கள்? அந்தச் சுவரைத் தொட வேண்டியவர் மட்டும்தான். அவர் இருபது ஆண்டு கழித்து வரலாம், அறுபது ஆண்டு கழித்து வரலாம். வரும்போது அந்தக் கட்டுரை இல்லாமல் அவரால் வேலை தொடங்க முடியாது. அறிவியலில் இப்படி மெதுவாக வேலை செய்யும் தாக்கம் ஒன்று உண்டு. அதற்கு மதிப்பெண் போடும் முறையை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நிறுவனமாக அவர் விட்டுச்சென்றதைப் பார்ப்போம். எழும்பூர் ஆய்வுக்கூடம் தொடர்ந்தது. பின்னாளில் அருங்காட்சியகத்தின் இயக்குநராகவே உயர்ந்த என். ஹரிநாராயணா, பாதுகாப்பு முறைகளைப் பற்றிக் கையேடுகள் எழுதிய வி. ஜெயராஜ் என்று வேதியியலும் அருங்காட்சியகமும் சேர்ந்த ஒரு மரபு அங்கே வளர்ந்தது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், பல்தேவ் ராஜ் முதலியோர், அதே படிமங்களுக்குச் சேதம் செய்யாத சோதனைகளால் உலோக அடையாளப் பதிவு உருவாக்க முன்வந்தார்கள். அணு உலைக் குழாயில் விரிசல் தேடும் கருவியும் அறிவும் அம்மன் படிமத்தின் முன் வந்து நின்றன. ஒவ்வொரு படிமத்தின் உலோகக் கலவையும் உள்ளமைப்பும் பதிவாகிவிட்டால், திருடிப் போய் வேறு பெயரில் விற்க முயன்றாலும் அடையாளம் காட்டலாம்.

இனி நான் சொன்ன கிண்ணத்துக்கு வருகிறேன். ஒரு பழைய உலோகப் பொருளை வெட்டிப் பார்த்து, அதைச் செய்தவன் என்ன தெரிந்து வைத்திருந்தான் என்று கேட்கும் பழக்கத்தைப் பெரிய அளவில் எடுத்துச் சென்றவர் சாரதா ஸ்ரீநிவாசன். மும்பை ஐ.ஐ.டி.யில் பொறியியல் இயற்பியல், பிறகு லண்டனில் கலையும் தொல்லியலும், 1996இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் முனைவர் பட்டம், பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியர், 2019இல் பத்மஸ்ரீ. பரதநாட்டியக் கலைஞரும்கூட. நடராசரை ஆடியும் அறிந்தவர், அணுவாகவும் அறிந்தவர்.

அவர் சென்னை அருங்காட்சியகத்திலும் லண்டனின் இரண்டு பெரிய அருங்காட்சியகங்களிலும் உள்ள 130 தென்னிந்தியப் படிமங்களில் 18 தனிமங்களை அளந்தார். தென்னிந்தியப் படிமங்கள் பெரும்பாலும் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றும் கலந்தவை என்று தெரிந்தது. பஞ்சலோகம் என்று நாம் சொல்வதில் பொன்னும் வெள்ளியும் மிகச் சிறு அளவில் மட்டுமே இருக்கின்றன. பொன்னை நம்பிச் சிலைகளைத் திருடி உருக்கப் பார்ப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். வெள்ளீயத்தை ஸ்தபதிகள் அளவு மீறிச் சேர்க்கவில்லை. மீறினால் வார்ப்பு நொறுங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காரீயம் சேர்த்தால் உருகிய உலோகம் அச்சின் நுண்ணிய மடிப்புகளிலும் ஓடி நிறையும்.

அந்தக் காரீயம்தான் காலத்தைக் காட்டிக்கொடுத்தது. காரீயத்தின் ஐசோடோப்புகளில் மூன்று, யுரேனியமும் தோரியமும் சிதைந்து உண்டாகக் கூடியவை. ஒவ்வொரு சுரங்கத்தின் வயதையும் பாறையையும் பொறுத்து அவற்றின் விகிதம் மாறும். உருக்கினாலும் வார்த்தாலும் அந்த விகிதம் மாறாது. 60 படிமங்களில் அதை அளந்து, பல்லவர் காலத்துக் காரீயம், சோழர் காலத்துக் காரீயம் என்று சாரதா பிரித்துக் காட்டினார். அதை வைத்து, குன்னியூர் நடராசரும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து நடராசர் ஒன்றும் சோழர்களுக்கு முந்திய பல்லவர் கால உலோகத்தோடு ஒத்துப்போகின்றன என்று 2004இல் எழுதினார். கூத்தப்பெருமான் படிமம் சோழர் படைப்பு என்ற பொதுக் கருத்தை அது அசைத்தது. கலை வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கை நளினத்தையும் திருவாசியின் வடிவத்தையும் வைத்து மட்டுமே நடந்த வாதத்தில் இன்று உலோகத்துக்கும் ஒரு வாக்கு இருக்கிறது. ஒரு வேதியியல் அளவு இன்னொரு துறையின் விவாதத்தையே திசைமாற்றுவது சாதாரணக் காரியம் இல்லை.

கிண்ணங்களிலும் அவருடைய வேலை உண்டு. நூற்றுக்கு 22 முதல் 24 பங்கு வெள்ளீயம் கலந்த வெண்கலம், குளிர்ந்த நிலையில் அடித்தால் கண்ணாடி போல உடையும். நெருப்பில் சிவக்கக் காய்ச்சி அடித்து, தண்ணீரில் சட்டென்று குளிர வைத்தால் மெல்லிய, மணி போல் ஒலிக்கும் கிண்ணம் கிடைக்கும். தென்னாட்டின் பெருங்கற்காலத்தார் அதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கேரளத்தின் கன்னார்களிடம் அந்தத் தொழில் அண்மைக்காலம் வரை உயிரோடு இருந்ததை அவர் பதிவு செய்தார். ஆரன்முளைக் கண்ணாடியில் வெள்ளீயம் மூன்றில் ஒரு பங்கு வரை போகிறது. அதனால்தான் அது முகம் காட்டும் அளவுக்கு மெருகேறுகிறது.

பாராட்டி மட்டும் முடித்துவிட்டால் அது பரமசிவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆராய்ச்சியாளருக்கு மரியாதை, அவர் முறையை மறுபரிசீலனை செய்வது. மின்னாற்பகுப்பு நோயை நீக்கும். கூடவே படிமத்தின் மேலிருக்கும் பழைய பச்சைப் போர்வையையும் நீக்கிவிடும். அந்தப் போர்வையும் ஒரு சாட்சி. 1967இல் மேட்சன் என்பவர் பென்சோடிரையசோல் என்ற சேர்மத்தைப் பரிந்துரைத்தார். அது செம்பின் மேல் மெல்லிய காப்பாகப் படிந்து, போர்வையை உரிக்காமலே நோயை அடக்கும். இன்று பாதுகாப்பாளர்கள் கூடுமானவரை குறைவாகத் தொடுவதையே விரும்புகிறார்கள். 1930இல் அழிந்துகொண்டிருந்த படிமத்தின் முன் நின்றவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் செய்தது அன்றைக்குச் சரி. இன்றும் அதையே முதல் வழியாகச் செய்வது சரியில்லை.

சாட்சி என்று சொன்னேன். பத்தூர் நடராசர் வழக்கு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டு, கள்ளத்தனமாக லண்டன் போன படிமம். அது நம் கோயிலுடையதுதான் என்று லண்டன் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். படிமத்தில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் அங்கே ஆராயப்பட்டன. 1991இல் நடராசர் நாடு திரும்பினார். அந்த மண்ணை யாராவது நல்லெண்ணத்தோடு தேய்த்துக் கழுவியிருந்தால் வழக்கில் ஒரு பெரிய பலம் போயிருக்கும்.

நம் கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை. பி.எஸ்சி., எம்.எஸ்சி. வேதியியல் பாடத்தில் அரிமானம் என்றால் குழாயும் கப்பலும் பாலமும் வருகின்றன. கோயில் படிமம் வருவது அரிது. தமிழ்நாட்டில் இருக்கும் உலோகப் படிமங்களையும் சுவரோவியங்களையும் நினைத்தால், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு பாதுகாப்பு வேதியியலாளர் இருந்தாலும் மிகையில்லை. மாணவர்களே, நானோ துகளிலும் மின்கலத்திலும் ஆராய்ச்சி செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களில் ஒருவராவது சுண்ணாம்பையும் செம்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் சென்னை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் படிமக் கூடத்துக்குப் போய் நம் ஊர் நடராசரைப் பாருங்கள். அங்கேயே அந்த ஆய்வுக்கூடமும் இருக்கிறது.

ஊர்ப் பெரியவர்களிடமும் கோயில் பணியாளர்களிடமும் நான் கேட்பது இவ்வளவுதான். அபிஷேகம் முடிந்ததும் படிமத்தை நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள்; இளநீரின் உப்பும் பாலின் எச்சமும் இடுக்குகளில் தங்கக் கூடாது. விசேஷ நாளுக்குப் பளபளப்பு வேண்டுமென்று அமிலப் பொடியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்க்காதீர்கள். வெளிர்பச்சைப் பொடி தென்பட்டால் உடனே அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ கரும்பு வயலில் ஏர் ஓட்டும்போதோ ஒரு படிமம் தட்டுப்பட்டால், கழுவாதீர்கள், சுரண்டாதீர்கள். ஒட்டியிருக்கும் மண்ணோடு அப்படியே காய்ந்த இடத்தில் வைத்துவிட்டு மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் கொடுங்கள். தகவல் கொடுக்கச் சொல்வது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். கழுவாமல் வைக்கச் சொல்வது வேதியியல்.